பதினோரு நாள் பதில் கிடைக்காத கேள்வி

வாசகர் கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு 36 வயது. வீடு பெருநிலத்தில், பட்டர்வொர்த். வேலை தீவில், பாயான் லெப்பாஸில், மென்பொருள் துறை. 2016-இல் நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து பினாங்கில் வேலை செய்யும் தமிழ் பேசும் நிரலாளர்களுக்காக ஒரு குழு தொடங்கினோம். டெலிகிராமில் பேச்சு, மாதம் ஒரு சந்திப்பு. 2019-இல் ஒரு சந்திப்புக்கு நாற்பது பேர்கூட வந்தார்கள். கொரோனா நேரத்தில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும் ஸூமுக்குப் போனோம். அப்புறம் நேரில் கூடும் பழக்கம் திரும்பவே இல்லை. இன்று 640 பேர் இருக்கிறார்கள், ஆனால் பண்டிகை வாழ்த்தும் வேலை விளம்பரமும்தான் வருகின்றன. போன மாதம் ஒரு பாலிடெக்னிக் மாணவி, தமிழ்ப்பள்ளிக்குச் சான்றிதழ் தயாரிக்கும் நிரலில் தமிழ் எழுத்து சிதைகிறது என்று கேட்டிருந்தார். பதினோரு நாளாக யாரும் பதில் சொல்லவில்லை. நானும்தான். உடன் தொடங்கியவர்களில் ஒருவர் சிங்கப்பூர் போய்விட்டார். இன்னொருவர், 'சாட்ஜிபிடி இருக்கும்போது குழு எதற்கு, மூடிவிடு' என்கிறார். டிஸ்கார்டுக்கு மாற்றலாமா? பரிசு வைத்துப் போட்டி நடத்தலாமா? இல்லை, மூடிவிடலாமா?

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய சொல் 'நானும்தான்'. அந்த மாணவியின் கேள்வியை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பதில் சொல்லவும் நினைத்திருப்பீர்கள். வேலை முடிந்து, பாலத்து நெரிசல் தாண்டி வீடு சேர்ந்தபோது உடம்பு ஓய்ந்திருக்கும். யாராவது சொல்வார்கள் என்று விட்டிருப்பீர்கள். மற்றவர்களும் அப்படித்தான் விட்டிருப்பார்கள். உங்களைக் குற்றம் சொல்லும் இடத்தில் நான் இல்லை. ஒரு குழுவை நடத்தி, அது என் கையிலேயே அடங்கிப்போனதைப் பார்த்தவள் நான்.

அப்போது நான் பாயான் லெப்பாஸில் சோதனை இயந்திரங்களுக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். மாதக் கடைசிச் சனிக்கிழமை பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். இடம் பிடிப்பது நான், பேச ஆள் தேடுவது நான், நினைவூட்டி மின்னஞ்சல் அனுப்புவது நான், புரொஜெக்டரைக் காரில் ஏற்றி வருவதும் நான். அந்த நேரம் பார்த்து அம்மா மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். மூன்று மாதமும் கூட்டம் இல்லை. நான்காம் மாதம் அழைத்தேன், நான்கு பேர் வந்தார்கள். ஐந்தாம் மாதம் நான் அழைக்கவில்லை, ஏன் என்று யாரும் கேட்கவும் இல்லை. அந்த மௌனம் எனக்கு வெகுநாள் வலித்தது. கேட்க வேண்டும் என்று தோன்றும் அளவுக்கு நான் எதையுமே அவர்கள் கையில் கொடுத்து வைக்கவில்லை என்பது பின்னால்தான் உறைத்தது.

உங்கள் மூன்று கேள்விகளுக்கும் முதலில் நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன்.

டிஸ்கார்டுக்கு மாற வேண்டாம். வீடு மாறினால் பாதிச் சாமான் வழியில் தொலையும். உங்களிடம் இப்போது மிச்சமிருப்பது பழக்கம் ஒன்றுதான், அதையும் தொலைக்காதீர்கள். பரிசும் வேண்டாம். பரிசுக்காக வருபவர் பரிசோடு போய்விடுவார். திறமூலத் திட்டங்களுக்குத் திருத்தம் அனுப்புபவர்களுக்காக அக்டோபரில் நடக்கும் ஹேக்டோபர்ஃபெஸ்ட்டில் 2020-இல் நடந்தது நினைவிருக்கும். டி-ஷர்ட் கிடைக்கும் என்பதற்காக ஒரு சொல்லை மாற்றி, ஒரு புள்ளியைச் சேர்த்து அனுப்பிய திருத்தங்கள் குவிந்துவிட்டன. திறமூலத் திட்டங்களைப் பராமரிப்பவர்கள் நொந்துபோனார்கள். சேர விருப்பம் தெரிவித்த திட்டங்கள் மட்டுமே கணக்கில் வரும் என்று அந்த மாதம் தொடங்கிய சில நாள்களிலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. மூடுவதைப் பற்றி ஆறு மாதம் கழித்து யோசியுங்கள். அதற்குள் மூன்று சந்திப்புகளுக்கு அதே ஆறு பேர் தொடர்ந்து வரவில்லை என்றால், நன்றி சொல்லி, பழைய உரையாடல்களைப் பத்திரப்படுத்திவிட்டு முறையாக மூடுங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

அடுத்து உங்கள் நண்பர் சொன்னது. அவர் சொல்வதில் பாதி உண்மை. உலகத்து நிரலாளர்கள் எல்லாம் 2008 முதல் கேள்வி கேட்டுப் பழகிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோவைப் பாருங்கள். 2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்தது. அடுத்த சில நாள்களிலேயே, அது எழுதித் தரும் பதில்களை இங்கே ஒட்டக் கூடாது என்று அவர்கள் தடை போட்டார்கள். தடை ஒரு பக்கம் இருக்க, அங்கே வரும் புதுக் கேள்விகள் வருடத்துக்கு வருடம் சரிந்துகொண்டே போயின. அவர்களுக்கே அப்படி என்றால் உங்கள் குழுவில் 'இந்த எரர் ஏன் வருகிறது' என்ற கேள்விகள் வற்றியதற்கு நீங்கள் மனம் நோக வேண்டியதில்லை. அந்த வகைக் கேள்வி இனித் திரும்பாது, அதை எதிர்பார்த்துக் காத்திருக்கவும் வேண்டாம்.

திரும்பி வரக்கூடியது வேறு ஒன்று. ஒரு சம்பவம் சொல்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடை மாடியில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தோம். இலை எடுத்தாயிற்று, மேசை துடைத்தாயிற்று. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் லேப்டாப்பைத் திறந்து, தான் செய்த பதிவுப் படிவத்தைக் காட்டினாள். சோதித்துக் காட்டலாம் என்று தன் பெயரையே தட்டினாள். அடையாளக் கார்டில் உள்ளபடி, தன் பெயர், மலாயில் 'மகள்' என்பதன் சுருக்கமான 'ஏ/பி', அப்பா பெயர். 'தவறான எழுத்து' என்று சிவப்பில் வந்தது. அவளே எழுதிய படிவம் அவள் பெயரை ஏற்கவில்லை. பெயர் என்றால் எழுத்தும் இடைவெளியும் மட்டும் என்று இணையத்தில் கிடைத்த ஒரு விதியை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறாள். அதில் சாய்கோட்டுக்கு இடமில்லை.

மேசையில் அத்தனை பேருக்கும் ஒரு கதை வந்துவிட்டது. ஒருவருக்கு, 'மகன்' என்பதன் சுருக்கமான 'ஏ/எல்', விமான டிக்கெட்டில் 'ஏஎல்' என்று பெயரோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. இன்னொருவருக்கு வங்கியில் ஒரு பெயர், வரிக் கணக்கில் ஒரு பெயர். மூன்றாமவர் சொன்னதுதான் எனக்கு மறக்கவில்லை. அவர் நிரல் ஊழியர் பெயரையே கோப்பின் பெயராக வைத்துச் சான்றிதழைச் சேமிக்கும். சாய்கோட்டைப் பார்த்ததும் கணினி அதை ஒரு ஃபோல்டர் என்று எடுத்துக்கொள்ளும். அப்படி ஒரு ஃபோல்டர் இல்லாததால் எதுவும் சேமிக்கப்படாது. பட்டியலில் இந்தியர் பெயர்களுக்கு மட்டும் சான்றிதழ் வராமல் போய், காரணம் தேடி இரண்டு நாள் அலைந்திருக்கிறார். அன்று இரவு அந்தப் பெண் படிவத்தைத் திருத்தினாள். மற்றவர்கள் தங்கள் அலுவலகத்து நிரல்களையும் ஒருமுறை தட்டிப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு எழுந்தார்கள். அடுத்த மாதம் ஏழு பேரும் மறுபடி வந்தார்கள், கூடவே இரண்டு பேரை அழைத்துக்கொண்டு.

சாய்கோட்டுப் பிரச்சினை சாட்ஜிபிடிக்குத் தெரியாது என்று நான் சொல்ல வரவில்லை. கேட்டால் அழகாகவே சொல்லும். ஆனால் கேட்க வேண்டும் என்று நமக்குத் தோன்ற வேண்டுமே! அதற்கு, முன்பே அடிபட்ட ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். உங்கள் குழு இனி இதற்காகத்தான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். பினாங்கில், இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளிலும் கடைகளிலும் பள்ளிகளிலும் வேலை செய்து அடிபட்டவர்கள், அடுத்தவர் அடிபடாமல் பார்த்துக்கொள்ளும் இடமாக அது இருக்கட்டும்.

இப்படிப்பட்டவை நம் ஊரில் எவ்வளவோ இருக்கின்றன. கெடாவில் அரசு வார விடுமுறை வெள்ளி, சனி. பினாங்கில் சனி, ஞாயிறு. கூலிம் தொழில்நுட்பப் பூங்கா கெடாவில் இருக்கிறது, அங்கே வேலை செய்பவர்களில் பலருக்கு வீடு பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில். சம்பள நிரல் எழுதுபவருக்கு இது எவ்வளவு பெரிய தலைவலி என்று எழுதிப் பார்த்தவருக்குத்தான் தெரியும். மாநிலத்துக்கு மாநிலம் பொது விடுமுறையும் மாறும். ஜூலை 7 பினாங்குக்கு மட்டும் பாரம்பரிய நகர விடுமுறை, ஏனென்றால் 2008-இல் அந்த நாளில்தான் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. இப்போது எல்லோரையும் ஓடவைப்பது மின்-விலைப்பட்டியல் (இ-இன்வாய்ஸ்), அதாவது விற்பனைப் பட்டியலை வரி வாரியத்துக்கு இணையம் வழி அனுப்பும் முறை. உள்நாட்டு வருமான வரி வாரியம் 2024 ஆகஸ்ட் 1-இல் வருடத்துக்குப் பத்துக் கோடி வெள்ளிக்கு மேல் வியாபாரம் செய்யும் நிறுவனங்களோடு தொடங்கி, படிப்படியாகச் சிறிய வியாபாரங்களுக்கு இறங்கி வந்தது. அனுப்பிய பட்டியலில் தவறு இருந்தால் 72 மணி நேரத்துக்குள் ரத்து செய்தாக வேண்டும். மளிகைக் கடை முதலாளி ஒருவர் சனிக்கிழமை போட்ட பட்டியலில் இருக்கும் தவறைச் செவ்வாய் இரவு பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு நிரல் எழுதிக்கொடுத்த தம்பி என்ன செய்திருக்க வேண்டும்? இதை ஒரு மணி நேரம் பேசலாம். உங்கள் 640 பேரில் இப்படி மாட்டிக்கொண்டவர் குறைந்தது ஒருவராவது இருப்பார், அவரைக் கண்டுபிடியுங்கள்.

சரி, எப்படித் தொடங்குவது? இரண்டு வாரத்துக்குக் குழுவில் எந்த அறிவிப்பும் போடாதீர்கள். 'நண்பர்களே, மீண்டும் எழுவோம்' என்று போட்டால் இருபது கட்டைவிரல் வரும், மறுநாள் பழையபடி அமைதியாகிவிடும். கடந்த ஒரு வருடத்தில் யாருக்காவது ஒரு பதிலாவது சொன்னவர்கள் யார் என்று பழைய உரையாடலில் தேடுங்கள். பன்னிரண்டு பேர் தேறினால் போதும். ஜேக்கப் நீல்சன் என்ற பயன்பாட்டியல் வல்லுநர் 2006-இல் ஒரு தோராயக் கணக்கு சொன்னார். இத்தகைய கூட்டங்களில் நூற்றில் தொண்ணூறு பேர் பார்ப்பார்கள், ஒன்பது பேர் எப்போதாவது பேசுவார்கள், ஒருவர்தான் பாரத்தில் பெரும்பகுதியைச் சுமப்பார் என்று. 640-க்கு அந்தக் கணக்குப்படி ஆறு பேர். ஆகவே ஆறு பேர்தான் பேசுகிறார்கள் என்று வருந்தாதீர்கள், அந்த ஆறு பேர் யார் என்று தெரியாமல் இருப்பதுதான் வருத்தம். அந்தப் பன்னிரண்டு பேருக்கும் ஃபோன் போடுங்கள். வாட்ஸ்அப் குரல் குறிப்பு வேண்டாம், ஃபோன். 'வருவீர்களா' என்று கேட்காதீர்கள், எல்லோரும் 'கண்டிப்பா' என்றுதான் சொல்வார்கள். 'இந்த மாதம் வேலையில் உங்களைப் படுத்தும் பிரச்சினை என்ன?' என்று கேளுங்கள். அப்புறம் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். பதிலை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

அந்த நோட்டை வைத்துத்தான் கூட்டு.

நம் அம்மாக்கள் தோட்டத்திலும் கம்பத்திலும் கூட்டுப் பிடித்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். மாதம் எல்லோரும் ஐம்பது வெள்ளி போடுவார்கள், முறை வந்தவர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வார். பணக்கூட்டை நான் சிபாரிசு செய்யவில்லை, அதைத் தொழிலாக நடத்துவதற்கு 1971-லேயே சட்டம் தடை போட்டிருக்கிறது. ஆனால் அந்த முறை எனக்குப் பிடிக்கும். இந்த மாதம் கொடுப்பவர் அடுத்த மாதம் வாங்குபவர், அதனால் யாரும் நடுவில் எழுந்து போக மாட்டார்கள். உங்கள் சந்திப்பையும் அப்படி ஆக்குங்கள். மாதம் ஒருவர் முறை. அவர் பேச்சுத் தயாரித்து வர வேண்டியதில்லை, தன் பிரச்சினையைக் கொண்டுவந்தால் போதும். வந்தவர்கள் எல்லோரும் இரண்டு மணி நேரம் அதற்கு மூளையைப் போடுவார்கள். நிறுவனத்து ரகசியம் எதையும் காட்டக் கூடாது, பிரச்சினையின் வடிவத்தை மட்டும் சொன்னால் போதும். இதை முதல் நாளே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். பழைய முறையில் வாரக்கணக்கில் ஸ்லைடு செய்து வந்து பேச ஆள் தேடி நீங்கள் களைத்திருப்பீர்கள். அந்தத் தேடல் இதில் இல்லை. அடுத்து யார் முறை என்று ஆறு மாதத்துக்கு முன்பே தெரியும்.

வேலையையும் பங்கு போடுங்கள். தண்ணீர்மலைத் தைப்பூசத்தில் பாருங்கள். வருடம் முழுவதும் எந்தச் செயற்குழுக் கூட்டத்துக்கும் வராதவர்கூடத் தண்ணீர்ப்பந்தலில் விடியற்காலை மூன்று மணிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார். என்ன வேலை, எத்தனை மணி நேரம் என்று அவருக்குத் தெரியும், அதனால் வருகிறார். 'உதவி தேவை' என்று பொதுவாகக் கேட்டால் யாரும் அசைய மாட்டார்கள். இடம் சொல்லி வைக்க ஒருவர், முந்தைய நாள் நினைவூட்ட ஒருவர், நடந்ததைப் பத்து வரியில் எழுதிப் போட ஒருவர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாறட்டும். நீங்கள் இந்த மூன்றில் எதையும் எடுக்காதீர்கள். முதல் மாதம் நினைவூட்டல் தாமதமாகும், இடம் சொல்ல மறந்துவிடுவார்கள், உங்களுக்குக் கை துறுதுறுக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பொறுத்துக்கொள்ளாமல்தான் கெடுத்தேன்.

நான்காவதாக ஒரு வேலை இருக்கிறது, எல்லாவற்றிலும் முக்கியமானது அது. கேள்வி பார்ப்பவர். குழுவில் வரும் எந்தக் கேள்விக்கும் ஒரு நாளுக்குள் ஒரு மனிதர் வாய்திறக்க வேண்டும். விடை தெரிந்திருக்க வேண்டியதில்லை. 'எனக்குத் தெரியாது, ஆனால் இவர் போன வருடம் இதைச் செய்தார், அவரைக் கேட்டுச் சொல்கிறேன்' என்றால் போதும். ஏஐயிடம் கேட்டுவிட்டு வருபவரை 'அங்கேயே போய்க் கேள்' என்று விரட்டாதீர்கள். 'அது என்ன சொன்னது, உங்களுக்கு எங்கே சந்தேகம்?' என்று கேளுங்கள். இன்றைய நல்ல உரையாடல்கள் அங்கேதான் தொடங்குகின்றன.

நாள், இடம் பற்றிச் சுருக்கமாக. சனிக்கிழமை வையுங்கள். ஞாயிறு வைத்தால் கூலிம் பக்கம் குடும்பம் உள்ளவர்களுக்கு அது பிள்ளைகளின் பள்ளி நாள். ஒரு மாதம் தீவு, ஒரு மாதம் பெருநிலம். பாலத்தில் டோல் தீவுக்கு வரும்போதுதான். அந்தச் செலவும் அலைச்சலும் எப்போதும் பெருநிலத்துக்காரர்களுக்கே என்றால் அவர்கள் மெல்ல நின்றுவிடுவார்கள். பட்டர்வொர்த் பெரி முனையத்தை ஒட்டி வைத்தால் தீவுக்காரர்கள் காரில்லாமலே வரலாம்.

நேரத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். உங்கள் பழைய சந்திப்புகள் இரவு எட்டரைக்கு மாமாக் சாப்பாட்டுக் கடையில் நடந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. அந்த நாற்பது பேரில் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் எங்களில் எத்தனையோ பேர் நிரல் எழுதுகிறோம். இரவு பத்தரைக்குக் கூட்டம் முடிந்து, இருட்டான கார் நிறுத்துமிடத்தில் தனியாக நடக்கும் நிலை இருந்தால், முதல் முறை வருவோம், இரண்டாம் முறை வர மாட்டோம். பிள்ளை பெற்ற பிறகு அதுவும் இல்லை. மாலை நான்கு முதல் ஆறு வரை வையுங்கள். பிள்ளையைக் கூட்டி வரலாம் என்று அழைப்பிலேயே எழுதுங்கள். பன்னிரண்டு ஃபோன் அழைப்பில் குறைந்தது நான்கு பெண்களுக்குப் போகட்டும். கேள்வி கேட்டுவிட்டுப் பதினோரு நாள் காத்திருந்தவரும் ஒரு பெண்தான்.

வேலை விளம்பரத்துக்கு வாரம் ஒரு நாள் கொடுங்கள், சம்பளம் எவ்வளவு என்று போடாத விளம்பரத்தை நீக்குங்கள். பண்டிகை வாழ்த்தை விட்டுவிடுங்கள், அதனால் ஒரு கெடுதலும் இல்லை. சிங்கப்பூர் போன நண்பர் மேல் வருத்தம் வேண்டாம். ஒரு சிங்கப்பூர் வெள்ளி நம் மூன்று வெள்ளிக்கு மேல் போகும்போது யாரைக் குறை சொல்வது? தீபாவளிக்கு ஊர் வரும்போது ஒரு சந்திப்பு வைத்து, அவர் முறையாக்குங்கள்.

எழுத விட்டுப்போன ஒன்று. தமிழ் பேசும் நிரலாளர்கள் என்று தனியாக எதற்கு என்ற கேள்வியும் உங்கள் காதுக்கு வந்திருக்கும். தமிழ்ப்பள்ளியில் படித்தவரும் தேசியப் பள்ளியில் படித்தவரும் உங்கள் குழுவில் இருப்பார்கள். பாதி ஆங்கிலம், கொஞ்சம் மலாய், இடையில் தமிழ் என்று பேசட்டும், யாரையும் திருத்த வேண்டாம். ஆனால் தமிழ் எழுத்து ஒரு கணினியில் சரியாக வர வேண்டும் என்று கவலைப்படும் நிரலாளர்கள் இந்த நாட்டில் எப்போதும் இருந்திருக்கிறார்கள். முத்து நெடுமாறனின் முரசு என்ற தமிழ் மென்பொருள் 1985-லிருந்து வருகிறது. 2001-இல் உலகத் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில்தான் கூடியது. உங்கள் மாணவி கேட்ட கேள்வி அந்த வரிசையில் வரும் கேள்வி. அதை வேறு எந்தக் குழுவில் கேட்டாலும் அவளுக்குப் பாதி புரியவைக்கவே ஒரு மணி நேரம் ஆகும்.

முதல் ஃபோனை அவளுக்கே போடுங்கள். தாமதத்துக்கு வருத்தம் சொல்லுங்கள், சாக்கு சொல்லாதீர்கள். விடை அநேகமாக இதுதான்: எழுத்துருவில் கோளாறு இருக்காது. 'கெ' என்று தட்டினால் கோப்பில் ககரம் முதலிலும் கொம்பு பின்னாலும் சேமிக்கப்படுகிறது. வரையும்போதுதான் கொம்பை முன்னால் கொண்டுவர வேண்டும். பிடிஎஃப் உருவாக்கும் சில நிரலகங்கள் (லைப்ரரிகள்) அந்த வேலையைச் செய்யாமல், சேமித்த வரிசையிலேயே எழுத்தை வரைந்துவிடும். அதனால்தான் 'தேவி' என்ற பெயரில் கொம்பு தகரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. எழுத்துகளைக் கோத்து வரையும் ஹார்ஃப்பஸ் என்ற நிரலகத்தோடு சேர்ந்து இயங்கும் கருவியை எடுக்கச் சொல்லுங்கள். பைத்தான் என்றால் எஃப்பிடிஎஃப்2 என்ற நிரலகத்தில் அந்த வசதி இருக்கிறது, அதை நாமே இயக்கிவிட வேண்டும். அவசரம் என்றால் சான்றிதழை எச்டிஎம்எல்லில் செய்து குரோம் வழியாக பிடிஎஃப் ஆக்கினாலும் சரியாக வரும்.

இதற்குள் அவளே வழி கண்டுபிடித்திருக்கலாம். அப்படியென்றால் எப்படிச் செய்தாள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த சந்திப்பில் முதல் முறை அவளுக்கு.